இரும்புக் கையும் இரங்கும் மனமும்

"அக்கா, எனக்கும் கடைவாய்ப் பல்லில் ஒரு விசை வைத்துவிட முடியுமா?"

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு என் தம்பி என்னிடம் இப்படிக் கேட்டான். அவன் ஆறாம் வகுப்பு மாணவன். வயதுக்கு மீறிய குள்ளம். விளையாட்டு மைதானத்தில் பெரிய பையன்கள் அவனுடைய தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்கள் என்பது அன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்று மாலை நாங்கள் இருவரும் 'சைபோர்க் 009' என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரைப் பார்த்திருந்தோம். அதன் நாயகன் கடைவாய்ப் பல்லில் உள்ள விசையை நாவால் அழுத்தினால் போதும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடுவான். தம்பியின் கேள்வியைக் கேட்டு நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்று முதல் இந்தக் கட்டுரை என் மனத்தில் உருவாகத் தொடங்கிவிட்டது எனலாம். நம் வகுப்பிலும் அனிமே பார்க்கும் தோழியர் பலர் உண்டு. "009 பார்த்து முடித்துவிட்டேன். அதைப் போலவே வேறு என்ன பார்க்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. 'அதைப் போலவே' என்றால் என்ன பொருள்? அதே அடிதடியா? அதே சிவப்புச் சீருடையா? அல்லது அந்தக் கதை எழுப்பும் அதே கேள்வியா? இதில்தான் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைத் தோழியர்முன் வைக்கிறேன்.

சைபோர்க் என்பவர் யார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரோபோ வேறு, சைபோர்க் வேறு. ரோபோ முழுவதும் இயந்திரம். 1963 ஜனவரி 1ஆம் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தோன்றிய ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஒரு ரோபோச் சிறுவன். சைபோர்க் அப்படியன்று. பிறப்பால் மனிதன், பிறகு உடலின் ஒரு பகுதியோ பெரும்பகுதியோ இயந்திரமாக மாறியவன். இச்சொல்லை 1960இல் உருவாக்கியவர்கள் மான்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் இரு அறிஞர்கள். விண்வெளியில் மனிதன் வாழவேண்டுமானால் அங்கே பூமியைக் கொண்டுபோவதைவிட மனித உடலையே அதற்கேற்ப மாற்றினால் என்ன என்று அவர்கள் சிந்தித்தார்கள்.

ஆனால் சொல் பிறப்பதற்கு முன்பே பொருள் பிறந்துவிட்டது. 1958 அக்டோபர் 8ஆம் நாள் ஸ்வீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பேஸ்மேக்கர் என்னும் இதயத் துடிப்புக் கருவியைப் பொருத்தினார்கள். முதற்கருவி சில மணி நேரமே இயங்கியது. எனினும் ஒன்று மாற்றி ஒன்றாக வாழ்நாளில் 26 கருவிகளைப் பெற்ற அவர், 2001ஆம் ஆண்டில் தம் 86ஆம் வயதில்தான் காலமானார். ஆகவே சைபோர்க் என்பது வெறும் கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டா.

ஒன்பதாவது ஆள்

'சைபோர்க் 009' படக்கதையை ஷோட்டாரோ இஷினோமோரி 1964இல் எழுதத் தொடங்கினார். வல்லரசுகள் பனிப்போரில் ஈடுபட்டிருந்த காலம் அது. போர் நடந்தால்தான் தங்கள் வியாபாரம் நடக்கும் என்று கருதும் ஆயுத வணிகர் கூட்டம் ஒன்று, பிளாக் கோஸ்ட் என்பது அதன் பெயர், ஒன்பது பேரைக் கடத்திச் சென்று அவர்கள் உடலைப் போர்க்கருவியாக மாற்றுகிறது. ரஷ்யக் குழந்தை, அமெரிக்க இளைஞன், பிரெஞ்சு நடனப் பெண், ஜெர்மானியன், அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவன், சீனச் சமையற்காரர், ஆங்கில நடிகர், ஆப்பிரிக்கர், ஜப்பானிய இளைஞன் ஜோ. ஒருவராவது "என்னை மாற்றுங்கள்" என்று கேட்டவர் அல்லர். தம்மை ஆயுதமாக்கியவர்களுக்கு எதிராகவே அவர்கள் திரும்புகிறார்கள். அந்த வேலையைச் செய்த விஞ்ஞானிகளில் ஒருவரான டாக்டர் கில்மோரும் மனம் மாறி அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்.

பகை நாடுகளாக இருந்த நாடுகளின் மக்கள் ஒரே கூரையின்கீழ்ச் சோறு உண்ணும் காட்சியை 1964இல் சிறுவர் படக்கதையில் வரைவது சிறிய செயலா? 1968இல் வந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடரில், போரில் மூழ்கிய கப்பல்கள் பசிபிக் கடலிலிருந்து எழுந்து வரும் ஒரு கதை உண்டு. போரைக் கைவிடுவதாகக் கூறும் ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவை அது சிறுவர்களுக்கு நினைவூட்டியது. பொம்மைப் படம் என்று நாம் ஒதுக்கும் ஒன்று இவ்வளவும் பேசியிருக்கிறது.

குறைகளும் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. பழைய படங்களில் ஆப்பிரிக்கரான 008ஐக் கேலி செய்வதுபோல் தடித்த உதடுகளோடு வரைந்திருந்தார்கள். 51 பகுதிகள் கொண்ட 2001ஆம் ஆண்டுத் தொடரில் அதைத் திருத்தி, மனிதரை மனிதராக வரைந்தார்கள். மற்றொரு குறை நம்மைப் போன்ற பெண்களுக்கு உறுத்துவது. குழுவிலுள்ள ஒரே வயதுவந்த பெண் 003. தொலைவில் நடப்பதைக் காண்பதும் கேட்பதும் அவள் ஆற்றல். அவள் சொல்லாவிட்டால் மற்றவர் எட்டுப் பேரும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்கள்தாம். ஆயினும் சண்டை வரும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கும் வேலையே பல இடங்களில் அவளுக்குக் கிடைக்கிறது. இது கதாசிரியர் அவளுக்குச் செய்த அநீதி என்றே கருதுகிறேன்.

இப்போது பல்லுக்குள் இருக்கும் விசைக்கு வருவோம். ஒரு கதையில் அந்த விசை கெட்டுப்போய், ஜோ மிகுவேகத்திலேயே சிக்கிக்கொள்கிறான். அவன் வேகத்துக்கு உலகம் சிலையாகிவிடுகிறது. பறக்கும் பறவை அந்தரத்தில் நிற்கிறது. நண்பர்கள் வாய் திறந்தபடி நிற்கிறார்கள். அவன் பேசுவது யாருக்கும் கேட்காது. யாரையும் தொடவும் முடியாது. எல்லாரையும் வெல்லும் ஆற்றல் பெற்றவனுக்கு ஒரு வார்த்தை பேச ஆளில்லை. தம்பிக்கு அந்தப் பகுதியைத்தான் மறுநாள் போட்டுக் காட்டினேன். முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

நல்ல சைபோர்க் கதைக்கு என் அளவுகோல் இதுதான். ஆற்றலை மட்டும் காட்டி, அதற்குக் கொடுத்த விலையைக் காட்டாத கதை பொம்மைத் துப்பாக்கிக்குச் சமம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வேறு சில தொடர்களைப் பார்ப்போம்.

கேஷான்

1973இல் தத்சுனோக்கோ நிறுவனம் எடுத்த 'கேஷான்' 35 பகுதிகள் கொண்டது. ஒரு விஞ்ஞானி உருவாக்கிய இயந்திரம் மின்னல் தாக்கி விழித்தெழுந்து, மனிதகுலத்தையே அடிமைப்படுத்தப் படை திரட்டுகிறது. தந்தையின் பிழைக்குப் பரிகாரமாக மகன் டெட்சுயா தன் மனித உடலைத் துறந்து கேஷானாகிறான். திரும்ப மனிதனாக முடியாது என்று தெரிந்தே துறக்கிறான். அவனுக்குத் துணை ஓர் இயந்திர நாய். சிறைப்பட்ட தாயின் உணர்வோ ஓர் இயந்திர அன்னப்பறவைக்குள் இருக்கிறது. நிலவொளி படும்போது மட்டுமே அந்தத் தாய் மகனோடு பேசமுடியும்.

யாருக்காக உடலை இழந்தானோ அந்த மக்களே, இவன் மனிதன் அல்லன் என்று அறிந்தால் அஞ்சி விலகுகிறார்கள். நன்மை செய்தவனுக்கு நன்றி கிடைக்காமற் போவதைச் சிறுவர் தொடர் ஒன்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியது எனக்கு வியப்பாக இருந்தது. பழைய ஓவியம், மெதுவான நடை; பொறுமை உள்ளவர்கள் பார்க்கலாம். 009ஐ விரும்பியவர்களுக்கு மிக நெருங்கிய உறவு இதுவே.

கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999

லெய்ஜி மட்சுமோட்டோவின் இக்கதை, 1978 முதல் 1981 வரை 113 பகுதிகளாக ஒளிபரப்பானது. மற்ற கதைகளில் கேளாமலே இயந்திர உடல் வந்து சேர்கிறது. இதிலோ ஓர் ஏழைச் சிறுவன் அதைக் கேட்டு அலைகிறான். செல்வர்கள் இயந்திர உடல் வாங்கிச் சாகாமல் வாழும் உலகம் அது. ஏழைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. டெட்சுரோவின் தாயை இயந்திரப் பிரபு ஒருவன் வேட்டை விலங்கைப்போல் சுட்டுக் கொல்கிறான். தனக்கும் இயந்திர உடல் கிடைத்தால் பழிதீர்க்கலாம், சாவையும் வெல்லலாம் என்று நம்பி, மேட்டெல் என்னும் மர்மப் பெண்ணுடன் விண்வெளி இரயிலில் ஏறுகிறான். வண்டி நிற்கும் ஒவ்வொரு கோளிலும் ஒரு கதை. சாவே இல்லாதவர்கள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று அவன் பார்க்கிறான். இறுதியில் அவன் என்ன முடிவெடுத்தான் என்பதை நான் சொல்லமாட்டேன். 113 பகுதிகளுக்கு நேரமில்லாதவர்கள் 1979இல் வந்த திரைப்படத்தைப் பார்க்கலாம். "எனக்கும் ஒரு விசை வேண்டும்" என்று கேட்கும் எந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் நான் பரிந்துரைப்பது முதலில் இதைத்தான்.

கோஸ்ட் இன் தி ஷெல்

003க்கு நேர்ந்த அநீதியைச் சரிசெய்த தொடர் என்று இதைச் சொல்வேன். மசமுனே ஷிரோவின் படக்கதை 1989இலும், மமோரு ஓஷியின் திரைப்படம் 1995இலும் வெளிவந்தன. நான் குறிப்பிடுவது 2002இல் தொடங்கிய 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்னும் 26 பகுதித் தொடரை. மேஜர் மோட்டோக்கோ குசனாகி முழு இயந்திர உடல் கொண்ட பெண். ஆண்கள் நிறைந்த காவற்படைப் பிரிவின் தலைவி. அவள் கட்டளையிட்டால் எல்லாரும் கேட்கிறார்கள். அவள் பெண் என்பதைக் கதை ஒரு வியப்பாகவே பேசுவதில்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

இரண்டாம் பருவத்தில் ஒரு கதை உண்டு. விமான விபத்தில் பிழைத்த இரு குழந்தைகள் மருத்துவமனையில் கிடக்கிறார்கள். உடல் அசையாத சிறுவன், இயங்கும் ஒரே கையால் காகிதக் கொக்குகள் மடித்துக்கொண்டிருக்கிறான். சிறுமிக்கு முழு இயந்திர உடல் பொருத்துகிறார்கள். அவள் அவனிடம் வருகிறாள். "உன்னால் கொக்கு மடிக்க முடியுமா?" என்று கேட்கிறான். புதிய விரல்கள் காகிதத்தைக் கசக்கிவிடுகின்றன. இரும்பை வளைக்கும் கைக்குக் காகிதத்தை மடிக்கத் தெரியவில்லை! ஆற்றலுக்கும் திறமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக யார் விளக்க முடியும்?

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை அறிவும் பொறுப்பும் உள்ள அதிகாரிக்கு அவர்கள் வரைந்திருக்கும் உடை கதைக்குத் தேவையற்றது. உடனிருக்கும் ஆண்கள் முழு உடையில் வேலைக்கு வருகிறார்கள். அவளுக்கு மட்டும் ஏன் இப்படி? மேலும், இது பெரியவர்களுக்கான கதை. வன்முறையும் சிக்கலான அரசியலும் நிறைந்தது. மேல்நிலை வகுப்புத் தோழியர் பார்க்கலாம். சின்ன வகுப்பினர் காத்திருப்பது நல்லது.

செப்பனிடும் பெண்ணும் எழுதும் பெண்ணும்

அடுத்த இரண்டையும் சைபோர்க் கதைகள் என்று பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் பறப்பதும் சுடுவதும் மட்டுமா சைபோர்க்? இழந்த உறுப்புக்கு ஈடாக இயந்திர உறுப்புப் பெற்று வாழும் மனிதனும் அதில் அடங்குவான் என்பதே என் வாதம்.

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' 2009இல் தொடங்கி 64 பகுதிகள் வந்தது. படக்கதையை எழுதியவர் ஹிரோமு அரக்காவா என்னும் பெண்மணி. இறந்த தாயை உயிர்ப்பிக்க முயன்று, எட்வர்ட் ஒரு காலையும் ஒரு கையையும் இழக்கிறான். அவன் தம்பியோ உடலையே இழந்து ஓர் இரும்புக் கவசத்துக்குள் உயிர் மட்டும் தங்கி நிற்கிறான். எட்வர்டுக்கு எஃகு உறுப்புகளைச் செய்து பொருத்தும் குடும்பத்தில் வின்றி என்ற பெண் இருக்கிறாள். மற்ற தொடர்களில் ஆய்வுக்கூடத்தில் கண் விழித்தவுடன் நாயகன் பறக்கத் தொடங்குகிறான். இங்கே அப்படியில்லை. நரம்போடு எஃகை இணைப்பது தாங்கொணா வலி. பழகுவதற்கு மூன்று ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அவன் பிடிவாதமாக ஓராண்டில் முடிக்கிறான். வளர வளர உறுப்பின் அளவை மாற்றவேண்டும். பனி மிகுந்த வடநாட்டுக்குப் போனால் எஃகு உறைந்து சதையைப் புண்ணாக்கும்; வேறு உலோகக் கலவை வேண்டும். இதையெல்லாம் அறிந்தவள் வின்றி. அவள் ஸ்பேனரை எடுக்காவிட்டால் நாயகனால் ஒரு நாளும் போராட முடியாது. பொறியியல் படிக்க விரும்பும் தோழியர் அவளைச் சந்திக்கட்டும்.

மற்றது 'வயலட் எவர்கார்டன்'. 2018இல் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் எடுத்த 13 பகுதித் தொடர். போர்க்களத்தில் ஆயுதமாகவே வளர்க்கப்பட்ட சிறுமி வயலட், போரில் இரு கைகளையும் இழந்து உலோகக் கைகள் பெறுகிறாள். போர் முடிந்தது. அந்தக் கைகளை என்ன செய்வது? ஓர் அஞ்சல் நிறுவனத்தில் சேர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கும் மனத்திலுள்ளதைச் சொல்லத் தெரியாதவர்களுக்கும் தட்டச்சுப் பொறியில் கடிதம் எழுதித் தருகிறாள். தொடக்கத்தில் அவள் எழுதும் கடிதங்கள் இராணுவ அறிக்கை போல இருக்கின்றன. பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு அவள் மெல்ல மெல்ல மாறுகிறாள்.

10ஆம் பகுதியில், நோயுற்ற ஒரு தாய், தன் சின்ன மகளுக்கு வரப்போகும் ஐம்பது பிறந்த நாள்களுக்கும் முன்கூட்டியே கடிதங்கள் எழுதச் சொல்கிறாள். ஏழு நாள்கள் வயலட் எழுதுகிறாள். எழுதும்போது அழவில்லை. திரும்பி வந்தபிறகு அழுகிறாள். எங்கள் வீட்டில் அதை என்னோடு பார்த்த அம்மா, அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. அதே உலோகக் கைதான். அன்று கொன்றது, இன்று எழுதுகிறது. 009இன் ஒன்பது பேரும் தேடிய விடையை இந்தப் பெண் ஒரு தட்டச்சுப் பொறியின்முன் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள் என்பது என் எண்ணம்.

2017இல் வந்த 'இனுயாஷிக்கி' பற்றியும் சிலர் கேட்டார்கள். ஒரே விபத்தில் ஒரு முதியவருக்கும் ஒரு மாணவனுக்கும் ஒரே ஆற்றல் கிடைக்க, ஒருவர் உயிர்களைக் காக்கிறார், மற்றவன் கொல்கிறான். கருத்து உயர்ந்தது, காட்சிகளோ மிகக் கொடியவை. பள்ளிப் பருவத்தில் வேண்டா என்றே சொல்வேன்.

பெரியவர்கள் சொல்வது சரியா?

"படிக்கிற வயதில் பொம்மைப் படமா?" என்பது என் தந்தை எழுப்பும் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரவெல்லாம் கண்விழித்து அடுத்த பகுதி, அடுத்த பகுதி என்று ஓடுவது நம்மிடையே பெருகிவரும் நோய். சண்டையை மட்டும் வெட்டியெடுத்துக் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் பழத்தை எறிந்துவிட்டுத் தோலைத் தின்பவர்கள். ஆனால் அதற்காகக் கதையைக் குறை கூறலாமா? தம்பி தன் துன்பத்தை எங்களிடம் சொல்லவில்லை. ஒரு கதாநாயகன் வழியாகத்தான் சொன்னான். அவன் கேட்டது விசையை அன்று, துணையை. வீட்டில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால்தானே இது புரியும்? ஆகையால் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். தடுப்பதற்கு முன் ஒரு பகுதியையேனும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

தம்பி பிறகு என்ன செய்தான் என்று அறிய ஆவலா? அவனைப் போலவே பாட்டில் பறிகொடுத்த இன்னும் இருவர் அவன் வகுப்பில் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து சென்று ஆசிரியரிடம் சொன்னார்கள். இப்போது மூவரும் ஒன்றாகவே மைதானத்துக்குப் போகிறார்கள். ஒன்பது பேரும் தனித்தனியே நின்றிருந்தால் முதல் நாளே தோற்றிருப்பார்கள் என்பதை அவன் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டான்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் பாட்டிக்கு இரண்டாண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். ஆர்னே லார்சன் கதையை நான் சொன்னதும் தம்பி ஓடிப்போய், "பாட்டி, நீங்கள் சைபோர்க்!" என்று கத்தினான். அவர் முறத்திலிருந்து தலை நிமிராமலே, "அது என்னடா கண்ணு?" என்றார். "உடம்புக்குள்ளே மிஷின் இருக்கும். எல்லாரையும் காப்பாற்றுவார்கள்" என்றான். "அப்படியா? சரி, நாளைக்கு உனக்கு என்ன சோறு கட்டட்டும், சொல்லு" என்றார் பாட்டி.

தோழியரே, 009ஐப் போன்ற தொடர் வேண்டுமென்று கேட்டீர்கள். நான் பட்டியல் தந்துவிட்டேன். முதலில் 009, அடுத்து 999, பொறுமை இருந்தால் கேஷான், பிறகு பிரதர்ஹுட், நிறைவாக வயலட். மேல்நிலை வகுப்புக்கு வந்தபின் மேஜர் குசனாகி. பார்க்கும்போது எந்த நாயகனின் கை வலியது என்று எண்ணிக்கொண்டிராமல், அந்தக் கை யாருக்காக நீள்கிறது என்று கவனியுங்கள்.

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி)